ஜெயராம் விடுப்பு மசோதா

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக்கொள்வதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் அரசாங்க வேலை பார்க்காதவர்கள். கண்டிப்பாக வேண்டும். இன்னும் நாற்பது இடங்கள் காலியாகக் கிடப்பதால்தான் வேலை தேங்குகிறது என்று சட்டச்சொல் பயன்பாட்டு இயக்ககம் வருடா வருடம் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.

இயக்ககம் இருப்பது லோதி ரோட்டில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில். 1971-இல் ஒரே ஒரு வருடத்துக்கு என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். சட்டம் இயற்றுவதைக் குறிக்கும் 'லெஜிஸ்லேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, அதை யார், எப்போது, எந்த மாதிரி வாக்கியத்தில் உபயோகிக்கலாம் என்று தீர்மானித்து, ஒரு பக்க அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஐம்பத்துநான்கு வருடங்களாக அந்த ஒரு பக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பொருள் பிரிவு, பயன்பாட்டுப் பிரிவு, தவறான பயன்பாட்டுப் பிரிவு என்று மூன்று பிரிவுகள். மூன்றும் ஒரே தளத்தில், நடுவில் ஒரு தட்டி மறைவோடு இருந்தாலும், ஒன்றுக்கொன்று தபாலில்தான் பேசிக்கொள்ளும்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கறுப்புப் பளிங்கில், தங்க எழுத்தில், அந்தச் சொல். கட்டடத்துக்குள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்து மனைவிமார் புருஷன் பேரைச் சொல்லாமல் சுற்றி வளைப்பார்களே, அதே மாதிரி 'அந்தச் சொல்' என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெட்டியைக் கடக்கும்போது கொஞ்சம் குனிவார்கள். பழையவர்கள் குனிவதில்லை, ஆனால் போனில் பேசிக்கொண்டிருந்தால் குரலைத் தாழ்த்துவார்கள்.

ஜெயராம் அங்கே இளநிலை மொழிபெயர்ப்பாளன். வயது முப்பத்திரண்டு. பொருள் பிரிவில் தமிழுக்கென்று ஒரு மேஜை உண்டு; அதன் பின்னால் இருந்த நாற்காலிதான் அவனுடைய உலகம். ப்ரொபேஷன் முடிய இரண்டு மாதம் பாக்கி. இந்தச் சமயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் லீவ் போட்டாலும் வேலை போய்விடும் என்று எல்லோரும் அவனிடம் பிரியமாகச் சொல்லியிருந்தார்கள்.

அவனுடைய மனைவி ரோஹிணி முதல் பிரசவத்துக்காக மாயவரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நொய்டாவில் ஒரு கம்பெனியில் இருபது பேரை மேய்க்கிறவள். பேச்சில் அது தெரியும். நவம்பர் இருபத்துநான்கு என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தாள். வளைகாப்புக்கே ஜெயராம் போகவில்லை. அந்த வாரம் ஆபீசில் 'சொல் வாரம்'. கண்ணாடிப் பெட்டிக்கு மாலை தூக்கிப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப நான் ஒண்ணும் சொல்லலை," என்று ரோஹிணி போனில் சொன்னாள். "இந்தத் தடவை குழந்தை வெளில வரப்போ நீ இங்க நிக்கணும். மாலையைப் புடிச்சிண்டு நின்னேன், மண்ணாங்கட்டியைப் புடிச்சிண்டு நின்னேன்னு சொன்னே, நான் குழந்தைக்கு உன்னைக் காட்டவே மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அதனால் ஜெயராம் இருபதாம் தேதி வியாழக்கிழமை மாலை ரயிலுக்கு இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டான். நவம்பர் மூன்றாம் தேதி காலை விடுப்பு விண்ணப்பத்தை எழுதினான். மனைவிக்குப் பிரசவம் என்றால் பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு உண்டு. அதை எழுதும்போது, இத்தனை வருடப் படிப்பையும் காட்டிவிடலாம் என்று ஒரு சின்ன ஆசை வந்தது. 'அரசாங்கம் லெஜிஸ்லேட் செய்துள்ள விதிகளின்படி' என்று ஆரம்பித்து, அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

விண்ணப்பம் துணைச் செயலர் மெஹ்ராவிடம் போனது. மெஹ்ரா எந்தக் காகிதத்தையும் முழுசாகப் படிக்கிறவர் அல்ல. ஆனால் அந்தச் சொல்லைக் கண்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. சிவப்பு மசியில் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார். 'பேசவும்' என்று ஓரத்தில் எழுதி மேலே அனுப்பினார். மதியத்துக்குள் ஜெயராமுக்குத் தலைமை இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

தலைமை இயக்குநர் ராஜகோபாலன் டெல்லிக்கு வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. கும்பகோணத்துக்காரர். எதைப் பற்றிப் பேசினாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். அங்கே ஒரு கூட்டம் உட்கார்ந்து கேட்பதாக அவருக்கு நினைப்பு.

"ஜெயராம், இதை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"கையாலயா?"

"ஆமாம் சார்."

ராஜகோபாலன் கண்ணை மூடித் திறந்தார். "முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் அந்தச் சொல்லை ரெண்டே தடவைதான் சொல்லியிருக்கேன். ஒரு தடவை பதவிப் பிரமாணத்துல. இன்னொரு தடவை தூக்கத்துல. அதுக்குக் கூட எக்ஸ்ப்ளனேஷன் எழுதிக் கொடுத்திருக்கேன். நீ லீவ் லெட்டர்ல எழுதறே! அதுவும் தப்பா! அரசாங்கம் அதைப் பண்ணுமாடா? அரசாங்கம் விதியை வகுக்கும். சட்டத்தைப் பார்லிமெண்ட்தான் இயற்றும். இது பச்சைக் குழந்தைக்குத் தெரியும்."

"சார், குழந்தை விஷயமாத்தான் சார் லீவு..."

"நம்ம வேலை அந்தச் சொல்லைப் பாதுகாக்கறது. உபயோகிக்கறது இல்லை. ஆளாளுக்கு உபயோகிச்சா அது தேஞ்சு போயிடும். தேஞ்சு போச்சுன்னா நமக்கெல்லாம் இங்க என்ன வேலை?" சொன்ன பிறகு அவருக்கே சற்று அதிகமாகச் சொல்லிவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். தண்ணீர் குடித்தார். "உனக்குப் பயிற்சி போடறேன். 'சொல்லைப் புரிந்துகொள்ளுதலும் பயன்படுத்துதலும்.' அதுல தேறினாத்தான் இந்த லீவ் லெட்டரைத் தொடுவேன். அச்சா?"

அச்சா என்பதைத் தவிர ஜெயராமால் வேறென்ன சொல்ல முடியும்?

பயிற்சி மறுநாளே தொடங்கியது. பயிற்றுநரும் மெஹ்ராதான். ஹிந்தியும் ஆங்கிலமுமாகக் கலந்து, இரண்டரை மணி நேரம் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசினார்; ஒரு தடவை கூட அதை உச்சரிக்கவில்லை. முடித்ததும் பெருமையோடு பார்த்தார். பிறகு நாற்பது பக்கப் பயிற்சிக் கையேட்டைக் கொடுத்து, மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். ஜெராக்ஸ் மிஷின் 2019 முதல் பழுது. ஜெயராம் மூன்று பிரதியையும் தட்டச்சு செய்தான். அதனால் அந்தக் கையேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த ஒரே மனிதன் என்ற பெருமை அவனுக்குக் கிடைத்தது. எழுதியவர்கள் கூடப் படித்ததில்லை.

அடுத்து, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தவறான பயன்பாட்டுப் பிரிவு அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெயராம் சுலபமான வாக்கியமாகத் தேர்ந்தெடுத்தான். 'பார்லிமெண்ட் லெஜிஸ்லேட் செய்கிறது.'

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'பார்லிமெண்ட் தற்போது கூட்டத்தில் இல்லை. எனவே வாக்கியம் உண்மைக்கு மாறானது. குளிர்காலக் கூட்டத் தொடர் ஆரம்பித்த பிறகு, வேலை நேரத்தில், அமளி இல்லாத நாளாகப் பார்த்து மறுபடி சமர்ப்பிக்கவும்.'

'பார்லிமெண்ட் லெஜிஸ்லேட் செய்யக்கூடும்' என்று மாற்றினான். அதற்கு வந்த பதில் கொஞ்சம் கடுமையாக இருந்தது: 'செய்யக்கூடும் என்பது செய்யாமலும் போகக்கூடும் என்ற சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஊழியரின் விசுவாசம் பற்றித் தனிக் குறிப்பு அனுப்பப்படுகிறது.'

மூன்றாவதாக, 'பார்லிமெண்ட் லெஜிஸ்லேட் செய்யும் என்று பரவலாக நம்பப்படுகிறது' என்று எழுதினான். அதைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டார்கள். கொள்கையளவில் என்றால் என்ன என்று ஜெயராம் பக்கத்து மேஜை ருக்குவிடம் கேட்டான்.

ருக்கு அங்கே முப்பத்தைந்து வருடமாக இருக்கிறாள். மூன்று மாதத்தில் ஓய்வு. குளிர்காலம் வந்துவிட்டால் கையில் ஸ்வெட்டரும் ஊசியும். ஃபைலைப் புரட்டுவது மட்டும் முழங்கையால்.

"கொள்கையளவிலன்னா கிடைக்காதுன்னு அர்த்தம்," என்றாள் ருக்கு. "எனக்குக் கொள்கையளவில ஒரு ஹீட்டர் கொடுத்திருக்கா, தொண்ணூத்தெட்டுலேர்ந்து. நீ ஏண்டா அந்த வார்த்தையைப் போய் எழுதினே? பொண்டாட்டிக்குப் பிரசவம், லீவு வேணும்னு நாலு வார்த்தை எழுதினா போறாதோ?"

அதே கேள்வியை ரோஹிணியும் தினம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் தேதி தாண்டியது. கையேட்டின் கடைசி அத்தியாயப்படி பயிற்சியாளர் ஒரு மாதிரி மசோதா கொண்டுவந்து, அதை இயக்ககத்தின் பயிற்சி சபையில் நிறைவேற்றிக் காட்ட வேண்டும். வழக்கமாக எல்லோரும் 'டீக் கோப்பைகளைக் கழுவி வைத்தல் மசோதா' கொண்டுவருவார்கள். அது இதுவரை முப்பத்தெட்டு தடவை நிறைவேறியிருக்கிறது; கோப்பைகளை யாரும் கழுவியதில்லை. ஆனால் ராஜகோபாலனுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது.

"விடுப்பை அந்தச் சொல்லால பண்ணினதா எழுதினது நீதானே?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். "சரி, பண்ணிடுவோம். உன் லீவையே மசோதாவாக் கொண்டு வா. நிறைவேறினா நீ எழுதினது உண்மையாயிடும். தப்பு தானா சரியாயிடும். எனக்கும் கையெழுத்துப் போட மனசாட்சி இடம் கொடுக்கும்."

அப்படித்தான் ஜெயராம் விடுப்பு மசோதா, 2025 பிறந்தது.

பயிற்சி சபை கான்டீனில் கூடும். சபாநாயகர் மெஹ்ரா, மணிக்குப் பதில் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டுவார். தவறான பயன்பாட்டுப் பிரிவு ஆளுங்கட்சி. சபையில் எதிர்க்கட்சியும் வேண்டும் என்று ஒரு ஆபீஸ் உத்தரவு போட்டு, ருக்குவை எதிர்க்கட்சித் தலைவராக நியமித்திருந்தார்கள். அவள் எப்போதோ நாற்காலி சரியில்லை என்று எழுதிக் கொடுத்தவள். அவளுடைய சார்ட்டர்ட் பஸ் ஐந்து மணிக்கு என்பதால் தினமும் நாலு ஐம்பதுக்கு, என்ன விவாதம் நடந்தாலும், வெளிநடப்பு செய்வாள். எதிர்க்கட்சி இல்லாமல் விவாதிப்பது மரபில்லை என்று சபையும் கலைந்துவிடும்.

முதல் வாசிப்பு பதினொன்றாம் தேதி. அதில் மசோதாவை யாரும் வாசிக்கக் கூடாது என்பது விதி. எல்லோரும் அதைக் கவனமாகக் கடைப்பிடித்தார்கள். இரண்டாவது வாசிப்பில்தான் வினை வந்தது. விதி இரண்டு, வரையறைகள். 'குழந்தை' என்றால் என்ன என்பதில் ஒரு முழு நாள் போயிற்று. பிறக்காத குழந்தையைக் குழந்தை என்று சொல்லலாமா, அல்லது 'குழந்தையாகக் கருதப்படுவது' என்று போட வேண்டுமா? 'தந்தை' என்ற இடத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "தந்தை என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார். ருக்கு ஊசியை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கேள்வியை வாபஸ் பெற்றுக்கொண்டார்.

'மாயவரம்' என்ற இடத்தில் 'மயிலாடுதுறை' என்று திருத்தம் வந்தது. ஊர் பெயரை மாற்றினால் டிக்கெட்டையும் மாற்ற வேண்டுமா என்று ஜெயராம் பயந்தான். 'பதினைந்து நாள்' என்பதைப் 'பதினைந்து நாளுக்கு மிகாமலும் குறையாமலும்' என்று மாற்றினார்கள். பிறகு பாதிக்கப்படுகிறவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ரோஹிணிக்கு ஈமெயில் போயிற்று.

அன்று மாலையே அவளுடைய கருத்து வந்தது. மெஹ்ராவுக்குத் தமிழ் தெரியாது. ஜெயராமையே மொழிபெயர்த்து வாசிக்கச் சொன்னார்.

ஜெயராம் காகிதத்தைப் பார்த்தான். 'உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்காவது மூளைன்னு ஒண்ணு இருந்தா, அதைக் கண்ணாடிப் பெட்டில வெச்சுக் கும்புடுங்கோ' என்று எழுதியிருந்தாள்.

"இயக்ககத்தின் அறிவாற்றலைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்," என்று மொழிபெயர்த்தான்.

சபை மேஜையைத் தட்டி வரவேற்றது. அந்தக் கருத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. சபைக்குக் கேட்காமல் ருக்கு சிரித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியுமே.

பதினெட்டாம் தேதி, சமோசா தட்டு இரண்டாவது மேஜையைத் தாண்டி வரவில்லை என்று எழுந்த அமளிக்கு நடுவே, மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆம் என்றவர்கள் சமோசாவுக்கு ஆம் என்றார்களா, மசோதாவுக்கா என்று தெரியவில்லை. பத்தொன்பதாம் தேதி காலை ராஜகோபாலன் தம் ஒப்புதலையும் கொடுத்தார். ஜெயராமுக்குக் கண் கலங்கிவிட்டது. ரோஹிணிக்குப் போன் போட்டான். "வரேன் ரோஹிணி! சட்டமே போட்டுட்டா!"

"கடைசி வரைக்கும் படிச்சுப் பார்த்தியா?" என்றாள் ரோஹிணி. ஒப்பந்தம் படிக்கிற வேலையில் இருக்கிறவள்.

அவன் படித்துப் பார்த்தான். கடைசி வரி: 'இச்சட்டம் இயக்ககம் அறிவிக்கையின் மூலம் குறிப்பிடும் நாளில் அமலுக்கு வரும்.'

ஓடினான். ராஜகோபாலன் சூட்கேசை மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைப் பற்றி போர்ட் பிளேரில் பத்து நாள் கருத்தரங்கு, கடற்கரை ஓரம்.

"சார், அமலுக்கு வர தேதி..."

"அதுக்கென்ன அவசரம்?" என்றார் ராஜகோபாலன் உண்மையான ஆச்சரியத்தோடு. "சட்டம் போடறது நம்ம கடமை. போட்டாச்சு. அமலுக்குக் கொண்டு வரதுன்னா அது வேற டிபார்ட்மெண்ட் மாதிரி. எத்தனை சட்டம் போட்டு வெச்சிருக்கோம், எல்லாத்தையும் அமலுக்குக் கொண்டுவந்தா ஜனங்க தாங்குவாளா? ஒண்ணாந்தேதி வந்து ஒரு மீட்டிங் போடறேன். சபையையும் அதுவரைக்கும் ஒத்தி வெச்சுட்டேன். உடம்பைப் பார்த்துக்கோ."

ஒன்றாம் தேதி என்றால் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஜெயராம் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு டீ குடித்தான்.

மறுநாள் இருபது. ரயில் மாலையில். காலை பதினொரு மணிக்குக் கட்டடமே வெறிச்சோடிக் கிடந்தது. தலைமை இயக்குநர் ஊரில் இல்லை என்றால் பாதிப் பேருக்கு உடம்பு சரியிருக்காது. மீதிப் பேருக்கு வங்கியில் வேலை. மெஹ்ரா ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணத்துக்கு லூதியானா போய்விட்டார். அவருடைய லீவ் லெட்டர் நாலு நிமிடத்தில் கையெழுத்தாயிற்று. அதில் 'லீவ் வேண்டும்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது.

ஜெயராம் வேறு வேலை இல்லாமல் கையேட்டின் மூன்று பிரதிகளையும் அடுக்கிக்கொண்டிருந்தான். அப்போது அவன் கையாலேயே மூன்று தடவை தட்டச்சு செய்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. 'சபை கூட்டத்தில் இல்லாதபோது, உடனடி நடவடிக்கை தேவைப்படும் சூழ்நிலை எழுந்தால், பொறுப்பில் உள்ள தலைமை அதிகாரி அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். அது உடனே அமலுக்கு வரும். சபை மறுபடி கூடி ஆறு வாரம் வரை செல்லும்.'

உடனே அமலுக்கு வரும்! அந்த மூன்று வார்த்தையை அவன் நாலு தடவை படித்தான்.

"மாமி," என்றான். "சபை இப்போ கூட்டத்துல இல்லையே?"

"நன்னா இல்லை," என்றாள் ருக்கு.

"உடனடித் தேவை இருக்கு. என் பொண்டாட்டி இருக்கா."

"இருக்கா."

"இப்போ பொறுப்புல இருக்கற தலைமை அதிகாரி யாரு?"

ருக்கு ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள். அவள் வேலை நேரத்தில் அதைக் கீழே வைத்து ஜெயராம் பார்த்ததில்லை. டிராயரிலிருந்து லிங்க் ஆபீசர் உத்தரவை எடுத்தாள். ஒருவர் இல்லாதபோது அவருடைய பொறுப்பை யார் பார்ப்பது என்ற பட்டியல் அது. எல்லா ஆபீசிலும் உண்டு, யாரும் பார்ப்பதில்லை. தலைமை இயக்குநர் இல்லை என்றால் மெஹ்ரா. மெஹ்ரா இல்லை என்றால், மற்ற பிரிவு அதிகாரிகள் வரிசையாக. அத்தனை பேருக்கும் எதிரே இன்று 'லீவ்', 'லீவ்', 'வங்கி' என்று இருந்தது. அவர்களுக்குப் பிறகு ருக்கு. ருக்குவுக்கு அடுத்து ஜெயராம்.

"அப்ப நீங்கதான் மாமி தலைமை இயக்குநர்! ஜல்தி, ஒரு கையெழுத்து..."

"முடியாது," என்றாள் ருக்கு.

ஜெயராமுக்கு முகம் விழுந்துவிட்டது.

"நான் எதிர்க்கட்சித் தலைவர்டா. எதிர்க்கட்சி எங்கயாவது அவசரச் சட்டத்துல கையெழுத்துப் போடுமா? எனக்கு மானம் மரியாதை இல்லையா?" கைப்பையை எடுத்து, ஊசிகளைச் செருகி, நூலை உருட்டி வைத்தாள். "அதுக்கு நான் என்ன பண்ணணுமோ அதைப் பண்றேன். வெளிநடப்பு. அரை நாள் சி.எல். எழுதிக் கொடுத்துட்டேன், பாரு. முப்பத்தஞ்சு வருஷத்துல நாலு அம்பதுக்கு முன்னாடி வெளிநடப்பு பண்றது இதான் முதல் தடவை."

வாசல் வரை போய்த் திரும்பினாள். "பொண்ணு பொறந்தா போட்டோ அனுப்பு. பையன் பொறந்தாலும் அனுப்பு. ஸ்வெட்டர் சின்னதாத்தான் போட்டிண்டிருக்கேன்."

ஒரு மாதமாக அவள் மடியில் வளர்ந்துகொண்டிருந்தது ஒரு சாண் ஸ்வெட்டர் என்பதை அவன் கவனிக்கவே இல்லை.

காலை பதினொன்று நாற்பதுக்கு ஜெயராம் இயக்ககத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றான். ராஜகோபாலனின் நாற்காலியில் உட்காரத் தைரியம் வரவில்லை. நின்றுகொண்டே ஆட்சி செய்தான். ஜெயராம் விடுப்பு அவசரச் சட்டம், 2025. விதி ஒன்று: ஜெயராம் போகலாம். விதி இரண்டு: இது உடனே அமலுக்கு வரும். வரையறை எதுவும் கிடையாது. தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினான். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. எதிர்க்கட்சி பஸ்ஸில் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. தலைமை அதிகாரி ஊரை விட்டுப் போவதென்றால் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அதற்குப் படிவம் உண்டு. பட்டியலில் ஜெயராமுக்கு அடுத்த இடம் காலி. படிவத்தில் காலியாக விட்டால் செல்லாது. ஆபீசில் இன்று இருந்து, நாளையும் இருக்கப் போகிற, லீவே எடுக்காத ஒருவர் வேண்டும். ஜெயராம் கூடத்துக்கு வந்தான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றான். 'பொறுப்பை ஏற்பவர்' என்ற இடத்தில் 'அந்தச் சொல்' என்று எழுதி, படிவத்தைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, குனியாமல் வெளியே வந்து நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தான்.

சனிக்கிழமை மாயவரம் போய்ச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தை பிறந்தது. பெண். டாக்டர் கொடுத்த தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே, எந்த அறிவிக்கைக்கும் காத்திராமல் வந்துவிட்டாள். ரோஹிணி களைத்துப் போய்ப் படுத்திருந்தாள். ஜெயராம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன, இங்கயும் நின்னுண்டே இருக்கே? உக்காரு," என்றாள். உட்கார்ந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் எந்த உத்தரவையும் நிறைவேற்றியதில்லை.

டெல்லியில் பத்து நாள் இயக்ககம் அந்தச் சொல்லின் தலைமையில் நடந்தது. காலையில் ஃபைல்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள், மாலையில் எடுத்துக்கொண்டார்கள். ஆட்சேபணை எதுவும் வராததால் எல்லாம் ஒப்புதல் ஆனதாக எண்ணி அனுப்பினார்கள். தேங்கிக் கிடந்த நூற்று நாற்பது ஃபைல்கள் தீர்ந்தன. ருக்குவின் ஹீட்டர் வந்துவிட்டது. தலைமை மாறியதாக யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெயராமின் போன் அடித்தது.

"ஜெயராம்." ராஜகோபாலன்தான். குரல் கம்மியிருந்தது, கடல் காற்று. "உன் அவசரச் சட்டத்தைப் படிச்சேன்."

ஜெயராமுக்கு ப்ரொபேஷன் கண் முன்னால் வந்து போயிற்று. "சார், நான்..."

"மூணு தடவை படிச்சேன். தப்பே இல்லை. அதான் எனக்கு வருத்தம். கையேட்டுல இருக்கறபடியே பண்ணியிருக்கே. அந்தப் பக்கத்தை யாருடா கையேட்டுல போட்டா?" பெருமூச்சு கேட்டது. "சரி. செல்லாதுன்னு சொன்னா கையேடு செல்லாதுன்னு ஆகும். கையேடு செல்லாதுன்னா நாம செல்ல மாட்டோம். லீவு லீவுதான். ஆனா உன் பயிற்சி இன்னும் முடியலை. வாக்கியம் பாக்கி இருக்கு. கொள்கையளவில ஏத்துண்டது கணக்குல வராது. இப்போ சொல்லு. அந்தச் சொல்லை வெச்சு ஒரே ஒரு வாக்கியம். எழுதிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளே தொட்டிலில் குழந்தை வீறிட்டது. ஒரே ஒரு குரல்தான். அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடினாள். மாமனார் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினார். ரோஹிணி, "ஜெயராம்! துணி! சீக்கிரம்!" என்றாள். முதல் வாசிப்பு இல்லை, இரண்டாவது வாசிப்பு இல்லை, வரையறை இல்லை, ஆட்சேபணை இல்லை. வாய் திறந்த வினாடியே அமலுக்கு வந்துவிட்டது. ஜெயராமுக்கு அந்தச் சொல்லின் பொருள் முழுசாக விளங்கிவிட்டது.

"சார், என் பொண்ணு லெஜிஸ்லேட் பண்றா. நான் போகணும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு ஓடினான்.

ராஜகோபாலன் அதை அப்படியே எழுதித் தவறான பயன்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பினார். அவர்கள் ஒரு வாரம் விவாதித்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் நாலு பேர் அந்தப் பிரிவில் இருந்தார்கள். ஐம்பத்துநான்கு வருடத்தில் முதல் தடவையாக, வாக்கியத்தில் பிழை இல்லை என்று எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.